பழகிப்போகாத சந்தோசங்கள்

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணி ஆவதற்குள் ஒன்ராறியோ மாகாணம் முழுவதும் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறின. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் நடந்திருப்பதாகவும், வழக்கத்துக்கு மாறான கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை என்றும், அருகில் வசிப்பவர்கள் இப்போதைக்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்றும் அந்த அவசரச் செய்தி சொன்னது. ஒன்றும் செய்யவேண்டாம் என்று சொல்வதற்காக நித்திரையிலிருந்து எழுப்பினால் யாருக்குத்தான் பயம் வராது? கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்து, அது தவறுதலாகப் போய்விட்டது என்று இன்னொரு செய்தி வந்தது. அதற்குள் பலருக்கு வயிறு கலங்கிவிட்டது. அடுத்த இரண்டு நாட்களில் பொட்டாசியம் அயடைட் மாத்திரை கேட்டு 32,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன.

நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு அந்த மாத்திரை புதிதல்ல. 2015இலேயே பத்துக் கிலோமீற்றர் வட்டத்துக்குள் இருந்த வீடுகளுக்கெல்லாம் அதைக் கொடுத்திருந்தார்கள். கதிரியக்க அயடீன் தைரொயிட் சுரப்பியில் போய்ச் சேராமல் தடுப்பது அதன் வேலை. வந்த மாத்திரையை மக்கள் சமையலறை லாச்சிக்குள் போட்டார்கள், பிறகு மறந்துபோனார்கள். 1971இல் மின்சாரம் தரத் தொடங்கிய அந்த நிலையம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்க, ஏரிக்கரைப் பாதையில் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். லிவர்பூல் வீதி முடியும் இடத்து மணற்கரையில் கோடை முழுவதும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான். அணு உலைக்கு அருகில் நிம்மதியாகத் தூங்க வைப்பதும் அந்தப் பழக்கம்தான். பாடுபட்டு வாங்கிய வீட்டின் பூரிப்பை இரண்டாவது குளிர்காலத்துக்குள் கரைத்துவிடுவதும் அதே பழக்கம்தான். மகிழ்ச்சியை ஆராய்பவர்கள் அரை நூற்றாண்டாகத் துருவிக்கொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். எது பழகிப்போகும், எது பழகிப்போகாது?

இதில் மிகப் புகழ்பெற்ற ஆய்வு 1978இல் அமெரிக்காவில் நடந்தது. பிலிப் பிரிக்மனும் அவருடைய சகாக்களும் இலினோய் மாநில லொத்தரில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், இரண்டும் நேராத 22 பேரையும் கண்டு பேசினார்கள். லொத்தர் வென்றவர்கள் இரண்டும் நேராதவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு, தொலைக்காட்சி போன்ற சின்னச் சின்ன விஷயங்கள் அவர்களுக்கு மற்றவர்கள் அளவுக்கு ருசிக்கவும் இல்லை. இந்த ஆய்வை மேடைகளில் சொல்பவர்கள், விபத்தில் சிக்கியவர்களும் லொத்தர் வென்றவர்களும் ஒரே அளவு சந்தோசமாக இருந்தார்கள் என்று முடித்துவிடுவார்கள். அது பிழை. விபத்துக்குள்ளானவர்கள் தெளிவாகவே குறைந்த மகிழ்ச்சியோடு இருந்தார்கள். பார்ப்பவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு மோசமாக இல்லை என்பதே உண்மை. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வுகள் இதை இன்னும் தெளிவாக்கின. கல்யாணப் பூரிப்பு பெரும்பாலும் சில ஆண்டுகளில் பழைய நிலைக்கு இறங்குகிறது. வேலை பறிபோன காயமும் கடுமையான ஊனமும் அவ்வளவு இலகுவாக ஆறுவதில்லை.

பிக்கரிங் தமிழர்களின் கதையை இந்தக் கேள்வியோடு வைத்துப் பார்க்கலாம்.

1983க்குப் பின் கனடாவுக்கு வந்த ஈழத் தமிழர்களில் பலர் முதலில் தங்கியது ரொறன்ரோ நகர நடுவிலுள்ள செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில். ஒரு படுக்கையறைக் குடியிருப்பில் இரண்டு குடும்பங்கள், வரவேற்பறையில் ஊரிலிருந்து புதிதாக வந்த இரண்டு பொடியன்கள் என்று நெருக்கியடித்து இருந்தார்கள். கொஞ்சம் கைக்குக் காசு வந்ததும் ஸ்காபரோ. அதன் பிறகு வீடு: மார்க்கம், பிக்கரிங், அஜாக்ஸ் என்று கிழக்கும் வடக்குமாகப் பெயர்ந்தார்கள். இரண்டு கார் நிறுத்தும் கராஜ், பின்வளவு, பேஸ்மென்ட், ஆளுக்கொரு அறை. 2021 குடிசனக் கணக்கின்படி பிக்கரிங்கின் மக்கள்தொகை 99,186. பிக்கரிங்–புரூக்ளின் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக 2025 ஏப்ரல் தேர்தலில் வென்றவர் யுவனிதா நாதன் என்ற தமிழர். அடுக்குமாடி லிஃப்ற்றுக்குக் காத்துநின்ற ஒரு சமூகம் இங்கே ஓரளவு காலூன்றிவிட்டது என்று சொல்லலாம்.

அந்தப் பெயர்வு பலன் தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாடு விட்டு நாடு வந்ததன் பலனை எண்களே காட்டுகின்றன. கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 43 நாடுகளிலிருந்து அண்மையில் வந்த குடியேறிகளின் வாழ்க்கைத் திருப்தியை அலசியது. பெரும்பாலான குழுவினர் தம் தாய்நாட்டில் இருப்பவர்களைவிடக் கூடிய திருப்தியோடு இருந்தார்கள். கனடாவில் பிறந்தவர்களின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். 2018ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையும் இதையே சொன்னது: உள்ளூர்க்காரர் மகிழ்ச்சியாக இருக்கும் நாடுகளில் வந்தேறிகளும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். பயம் இல்லாமல் உறங்குவது, அரசாங்க அலுவலகத்தில் கைநீட்டாமல் காரியம் நடப்பது, வருத்தம் வந்தால் மருத்துவமனை வாசலில் காசை எண்ண வேண்டியிராதது — இவை எவ்வளவு பழகினாலும் அடியில் நின்று தாங்குபவை.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகும் படி அது.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருக்கும் உல்ரிக் ஷிம்மாக்கும் இரண்டு ஆய்வாளர்களும் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் ஆண்டுதோறும் அதே குடும்பங்களிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கும் ஒரு பெரிய கணக்கெடுப்பு உண்டு. அதிலிருந்து, நல்ல வீடு வேண்டுமென்று இடம் மாறியவர்களை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். மாறியவர்களுக்கு வீட்டின் மேலிருந்த திருப்தி கூடியது, ஆண்டுகள் கடந்தும் பெருமளவு இறங்காமல் நின்றது. ஆனால் மொத்த வாழ்க்கையின் மீதான திருப்தி கூடவேயில்லை. வீடு பிடித்துத்தான் இருக்கிறது, வாழ்க்கை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. இந்த முடிவைப் படிக்கிற எந்தப் புறநகர்த் தமிழருக்கும் முதலில் கோபம் வரும். பிறகு தெரிந்த நாலைந்து வீடுகள் ஞாபகத்துக்கு வரும்.

ஏன் அப்படி? வீடு தரும் இன்பம் மாறாத இன்பம். அதே கல் மேசை, அதே உயரமான கூரை, அதே படிக்கட்டு. ஒரே மாதிரி இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது மூளையின் சிக்கனம். அதே வீட்டோடு சேர்ந்து வரும் இன்னொன்று ஒருநாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதுதான் 401.

நெடுஞ்சாலை 401 பிக்கரிங்கை ஊடறுத்துப் போகிறது. ஒருநாள் அரை மணி நேரத்தில் வேலைக்குப் போய்விடலாம். மறுநாள் எங்கோ இரண்டு கார்கள் உரசிக்கொண்டதால் ஒன்றேகால் மணி நேரம். மூன்றாம் நாள் பனி. வாகன நெரிசலுக்கு மனிதர்கள் பழகாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்: அது ஒவ்வொரு நாளும் புதிதாகத் துன்புறுத்துகிறது. 2004இல் டானியல் கானமனும் அலன் குரூகரும் ரெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முதல்நாள் செய்த ஒவ்வொரு காரியத்தையும் அப்போது இருந்த மனநிலையையும் எழுதச் சொன்னார்கள். மனநிலை எவ்வளவு நன்றாக இருந்தது என்ற வரிசையில் காலைப் பயணம் அடிமட்டத்தில் நின்றது. நெருங்கியவர்களோடு கழிந்த நேரம் உச்சியில். சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் புரூனோ ஃபிரையும் அலோய்ஸ் ஸ்டுட்சரும் ஜெர்மன் தரவுகளில் இதையே வேறு வழியில் கண்டார்கள். தூரத்தில் வீடு எடுப்பவர் மலிவான வீட்டாலோ கூடிய சம்பளத்தாலோ அந்தத் தூரத்தை ஈடுகட்டிக்கொள்வார் என்பது பொருளியலின் கணக்கு. உண்மையில் பயண நேரம் கூடக் கூடத் திருப்தி இறங்கிக்கொண்டே போனது, எதுவும் ஈடுகட்டவில்லை.

பிக்கரிங்கின் புரொக் வீதியிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை 407இன் மாகாண அரசுப் பகுதிக்கு 2025 ஜூன் முதலாம் தேதியிலிருந்து சுங்கக் கட்டணம் எடுக்கப்பட்டது. ஒஷாவாப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. ரொறன்ரோப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

இந்த விஷயத்தைக் கனடாவிலேயே பெரிய அளவில் அலசியவர்கள் உண்டு. உலக மகிழ்ச்சி அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவரான பொருளியலாளர் ஜோன் ஹெலிவெல் வன்கூவரில் இருப்பவர். அவரும் ஹியூ ஷிப்லெட், கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ ஆகியோரும் சேர்ந்து, சுமார் நான்கு இலட்சம் கனடியர்களின் பதில்களை வைத்து நாட்டை 1,200க்கும் மேற்பட்ட அக்கம்பக்கங்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். மிகத் திருப்தியான ஊர்களுக்கும் மிகக் குறைந்த திருப்தியுள்ள ஊர்களுக்கும் இடையில் எது வித்தியாசப்படுகிறது என்பது கேள்வி. சராசரி வருமானம்? பெரிய வித்தியாசம் இல்லை. வேலையில்லாத் திண்டாட்டம்? அதுவும் இல்லை. படிப்பு? இல்லை. திருப்தியான ஊர்களில் பயண நேரம் குறைவு. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்கே கொட்டுபவர்கள் குறைவு. கடந்த ஐந்து ஆண்டுகளில் இடம் மாறி வந்தவர்கள் குறைவு. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று போய்வருபவர்கள் கூட. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இது என் ஊர்’ என்ற உணர்வு கூட.

அந்தப் பட்டியலில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் குறைவான ஊர்கள் முன்னுக்கு நின்றன என்பதும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. குடியேறிகள் பெரும்பாலும் பெருநகரங்களைச் சுற்றியே குடியிருக்கிறார்கள். பெருநகரங்களில் வீடு விலை அதிகம், தூரம் அதிகம், ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள். இதில் எது காரணம், எது கூட வந்தது என்று இந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. 2015இல் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட நகர ஒப்பீட்டில் கியூபெக்கின் சகெனே பத்துக்கு 8.2 என்று முதலிடத்தில் நிற்க, ரொறன்ரோப் பெரும்பாகம் 7.8 என்று வன்கூவரோடு கடைசி வரிசையில் நின்றது. பத்துக்கு 7.8 ஒன்றும் அழுகிற நிலைமையல்ல. ஆனாலும் இவ்வளவு உழைப்புக்குப் பிறகு கடைசி வரிசை என்பது உறைக்கத்தான் செய்கிறது.

‘இது என் ஊர்’ என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது? நெருங்கிய உறவுகளிலிருந்து என்று நினைப்போம். 1938இலிருந்து தொடரும் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வை மேற்கோள் காட்டி, நல்ல உறவே நல்வாழ்வு என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதிவிட்டன. அது சரிதான். ஆனால் தமிழர்களுக்கு நெருங்கிய உறவில் பஞ்சமில்லை. சனிக்கிழமையானால் சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், அந்தியேட்டி என்று ஹோலுக்கு ஹோல் ஓடுகிறார்கள். புறநகரில் காணாமற்போவது வேறொரு வகை ஆட்கள்: பெயர் தெரியாத, ஆனால் முகம் தெரிந்த மனிதர்கள்.

ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற உளவியலாளர் ரொறன்ரோவின் றயர்சன் பல்கலைக்கழகத்தில் (இப்போது ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம்) முதுகலை படித்தபோது, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் வழியில் ஒரு பெண் ஹொட்டோக் வண்டி வைத்திருந்தார். சாண்ட்ஸ்ட்ரோம் அவரிடம் ஒன்றும் வாங்கியதில்லை. கடக்கும்போதெல்லாம் ஒரு புன்னகை, ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். அந்தப் பெண் இல்லாத நாளில் எதையோ இழந்ததுபோல் இருந்ததை அவர் கவனித்தார். இதை ஆராய்ந்தாலென்ன என்று தோன்றியது. பிற்பாடு வன்கூவரில் எலிசபெத் டன்னோடு சேர்ந்து, ஆட்களிடம் எண்ணும் கருவி கொடுத்து, நெருங்கியவர்களோடும் சும்மா தெரிந்தவர்களோடும் ஒரு நாளில் எத்தனை தடவை பேசினார்கள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். 2014இல் முடிவு வெளிவந்தது. சும்மா தெரிந்தவர்களோடு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பேசிய நாட்களில் மனிதர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

செயின்ட் ஜேம்ஸ் டவுன் லிஃப்ற்றில் இப்படியான ஆட்கள் தினமும் கிடைத்தார்கள். ஸ்காபரோ பஸ் தரிப்பிலும் தமிழ்க் கடை மரக்கறித் தட்டுகளுக்கு இடையிலும் கிடைத்தார்கள். பிக்கரிங்கில் கராஜ் கதவு தானாகத் திறக்கிறது, கார் உள்ளே போகிறது, கதவு மூடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரை முழுதாகப் பார்ப்பது பனி வழிக்கும் நாட்களில்தான்.

இழந்ததைத் திரும்பப் பிடிக்க வழி இல்லாமலும் இல்லை. பிக்கரிங்கிலிருந்து யூனியன் நிலையத்துக்குப் போகும் கோ ரயிலை எடுத்துக்கொள்ளலாம். ரயில் நிலையத்திலிருந்து 401க்கு மேலாகப் போகும் மூடிய நடைபாலம் சுமார் 250 மீற்றர் நீளம். அந்த வகையில் உலகிலேயே நீளமானது என்று கின்னஸ் சான்றிதழும் பெற்றது. பாலத்தைக் கடந்து ரயிலில் ஏறி உட்கார்ந்தால் எல்லோர் காதிலும் கருவி, எல்லோர் கண்ணும் கைப்பேசியில். நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிக்காகோப் புறநகர் ரயிலில் இதே காட்சியைப் பார்த்தவர்கள். பயணிகளில் ஒரு பகுதியினரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், ஒரு பகுதியினரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள், மற்றவர்களை வழக்கம்போல் போகச் சொன்னார்கள். பேசியவர்களின் பயணமே மிக இனிமையாக இருந்தது. அதைவிட வேடிக்கை, முன்கூட்டியே கேட்டபோது எல்லோரும் இதற்கு நேர்மாறாக நடக்கும் என்றே சொல்லியிருந்தார்கள்.

முன்பின் தெரியாதவர்களை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பதற்கு ரொறன்ரோவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. உங்கள் பணப்பை தொலைந்து, அது ஒரு அந்நியர் கையில் கிடைத்தால் திரும்பி வருமா என்று ரொறன்ரோவாசிகளிடம் ஒரு கருத்துக்கணிப்பு கேட்டது. வரும் என்று நம்பியவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ரொறன்ரோ ஸ்டார் நாளிதழ் உண்மையாகவே பணம் வைத்த 20 பைகளை நகரில் ஆங்காங்கே போட்டுப் பார்த்தது. 16 திரும்பி வந்தன. 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகளை வைத்து இதைச் சோதித்தது. 38 நாடுகளில் காசு இல்லாத பையைவிடக் காசு இருந்த பையே கூடுதலாகத் திரும்பி வந்தது. ஊர் நல்ல ஊர், பணப்பை திரும்பி வரும் என்ற நம்பிக்கை தரும் மகிழ்ச்சி, வருமானம் கூடுவதால் கிடைப்பதைவிடப் பெரிது என்பது ஹெலிவெல் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது.

முன்பின் தெரியாதவரின் நல்ல மனதைத் தமிழர்கள் அந்த ஆய்வுக்கு முன்பே கண்டவர்கள். 1986 ஓகஸ்ட்டில் 155 தமிழ் அகதிகள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் அலைந்துகொண்டிருந்தபோது, அவர்களை முதலில் கண்டு கரைசேர்க்க உதவியவர் கஸ் டால்டன் என்ற உள்ளூர் மீன்பிடிப் படகோட்டி. அவர் யார், இவர்கள் யார்?

கொடுப்பது பற்றியும் கனடிய ஆய்வுகள் நிறைய உண்டு. 2008இல் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நோர்ட்டன் ஆகியோர் வன்கூவரில் வழிப்போக்கர்களிடம் 5 அல்லது 20 டொலர் வைத்த கடித உறை கொடுத்தார்கள். சிலரிடம் உனக்கே செலவழி என்றும், சிலரிடம் இன்னொருவருக்குச் செலவழி என்றும் சொன்னார்கள். மாலையில் கேட்டபோது பிறருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள். 5 டொலரா 20 டொலரா என்பது பொருட்டாகவே இல்லை. பிறகு 136 நாடுகளின் தரவுகளைப் பார்த்தபோது மிகப் பெரும்பாலானவற்றில் கொடுப்பதும் மகிழ்ச்சியும் கூடவே நடந்தன.

ஆனால் எல்லாக் கொடையும் ஒன்றல்ல. கட்டாயத்துக்குக் கொடுப்பதில் இந்தப் பலன் மறைந்துவிடுகிறது. ஹோல் வாசலில் பெட்டிக்குள் போடும் என்வலப்பில் எவ்வளவு வைப்பது என்று காருக்குள் இருந்து கணக்குப் பார்ப்பவர்களிடம் இதை விளக்க ஆராய்ச்சி தேவையில்லை. கொடுத்தது எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரிந்தால் பலன் கூடுகிறது. அக்னின் குழுவினர், பத்து டொலருக்கு ஒரு நுளம்புவலை என்று சொல்லிச் சேர்த்த ஒரு கனடிய அமைப்பையும் யுனிசெஃப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நுளம்புவலைக்குக் கொடுத்தவர்களுக்குக் கொடை கூடக் கூட மகிழ்ச்சி கூடியது; பொதுவான நிதிக்குக் கொடுத்தவர்களுக்கு அப்படி இல்லை. யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ரொறன்ரோவில் இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதன் இரகசியம் இதுவாக இருக்கலாம். தான் படித்த பள்ளிக்கூடத்துக் கிணறு, தான் கும்பிட்ட கோயில் மதில் என்று காசு போகும் இடம் கண்ணுக்குள் நிற்கிறது. கூட்டத்தில் வரும் சண்டைகளையும் மீறி மனிதர்கள் மறுபடி மறுபடி அங்கே போகிறார்கள்.

பெரிய வீட்டின் சுமையைக் கூடுதலாகச் சுமப்பவர்கள் தாத்தா பாட்டிகள். கனடா 2011 டிசம்பரில் அவர்களுக்காகச் சுப்பர் விசா கொண்டுவந்தது. 2022 ஜூலையிலிருந்து அதில் ஒரு தடவை வந்தால் ஐந்து ஆண்டுகள்வரை தங்கலாம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பம்மாவுக்கும் அம்மாச்சிக்கும் காலை எட்டு மணிக்கு வீடு வெறிச்சோடிவிடுகிறது. கார் ஓட்டத் தெரியாது. பஸ் தரிப்பு எங்கே என்று தெரியாது. பனிக்காலத்தில் தெரிந்தாலும் பலனில்லை. “இவ்வளவு பெரிய வீட்டில ஆரோட கதைக்கிறது?” என்ற கேள்விக்கு இலவச இன்டர்நெற் அழைப்பு முழுப் பதிலாகாது.

கோடை வந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். அதைக் கொண்டுவருவது மரக்கறி. மார்ச்சில் ஜன்னல் ஓரத்தில் கத்தரியும் மிளகாயும் முளைக்க வைக்கிறார்கள். மே மாதம் விக்ரோறியா நாள் விடுமுறைக்குப் பிறகு, உறைபனி போய்விட்டது என்று நம்பி, நிலத்தில் நடுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் வரவேற்பறையில் குழந்தைபோல் பார்த்த கறிவேப்பிலைச் சாடி வெளியே வருகிறது. ஓகஸ்ட்டில் பாகல் கொடி வேலி தாண்டுகிறது. அங்கால் இருப்பவர் இத்தாலியரோ கரீபியரோ, அந்தக் காய் என்ன, எப்படிச் சமைப்பது என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. மறுநாள் இங்கிருந்து ஒரு பை பாகல் போகும், அங்கிருந்து ஒரு பை தக்காளி வரும். ஆங்கிலம் அதிகம் தேவைப்படாத உரையாடல் இது. ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று காய்க்கிறது, ஏதோ ஒன்றை முயல் தின்றுவிடுகிறது. வீட்டுக் கல் மேசை தராத மாற்றத்தை இந்தப் பாத்தி தருகிறது, அதனால்தான் இது சலிப்பதில்லை.

வயதானவர்களைப் பற்றியே கவலைப்படுவது வழக்கம். எண்கள் வேறு பக்கம் கைகாட்டுகின்றன. 2025 உலக மகிழ்ச்சி அறிக்கையில் கனடாவின் இடம் 18. அறிக்கை தொடங்கிய காலத்தில் அது முதல் ஐந்து, ஆறு இடங்களுக்குள் இருந்தது. 2024 அறிக்கை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டியது: 60க்கு மேற்பட்ட கனடியர்கள் உலகில் 8ஆவது, 30க்குக் கீழ்ப்பட்டவர்கள் 58ஆவது. ஒரே நாடு, ஒரே வீடு, மேல்மாடி அறைக்கும் கீழ்மாடி அறைக்கும் ஐம்பது இடம் வித்தியாசம். வீட்டு விலை, வேலை, கைப்பேசி என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. 2025 அறிக்கை எடுத்துக்கொண்டது சாப்பாட்டை. பிறரோடு சேர்ந்து சாப்பிடுபவர்களின் வாழ்க்கைத் திருப்தி தனியாகச் சாப்பிடுபவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் நான்கில் ஒருவர் முதல்நாள் எல்லா வேளையும் தனியாகச் சாப்பிட்டதாகச் சொன்னார். இது 2003இலிருந்து 53 சதவீத உயர்வு. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் எழுதிவைத்த நம் பக்கத்தைப் பார்த்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. சேர்ந்து சாப்பிடுவதில் தெற்காசிய நாடுகள் அந்த அறிக்கையில் கடைசியில் நிற்கின்றன. அப்பா இரவு வேலை, அம்மா பகல் வேலை, பிள்ளை மாடியில் தட்டோடு என்ற வீடுகளில், நாலு பேருக்கு நாலு வேளை சோறு சூடாகிறது.

தோட்டம், பேச்சு, சேர்ந்து சாப்பிடுவது போன்ற பழக்கங்களால் தீராத துயரங்களும் உண்டு. மனநல ஆய்வாளர் மோர்ட்டன் பைசரும் குழுவினரும் ரொறன்ரோத் தமிழர்களிடம் நடத்திய ஆய்வில் சுமார் 12 சதவீதத்தினருக்குப் போரின் அதிர்ச்சிக்குப் பின்னான மனநோயின் அறிகுறிகள் இருந்தன. சிகிச்சை தேடிப் போனவர்கள் மிகச் சிலர். அப்படிப்பட்டவர்களைப் பார்த்துத் தோட்டம் செய்யுங்கோ, ரயிலில் கதையுங்கோ என்பது பொறுப்பற்ற பேச்சு. அவர்களுக்குத் தேவை மருத்துவர். முடிந்தால் தமிழ் தெரிந்த மருத்துவர்.

இன்னொரு வரம்பும் இருக்கிறது. நடக்க நடைபாதை இல்லாத இடத்தில் நடக்கச் சொல்ல முடியாது. பிக்கரிங்கின் வடக்கே, முன்பு வயலாக இருந்த நிலத்தில் சீட்டன் என்ற புதிய குடியிருப்பு எழும்பிக்கொண்டிருக்கிறது. மாகாண அரசு 2006இல் வகுத்த திட்டத்தின்படி அது நிறையும்போது 70,000 பேர் அங்கே வாழ்வார்கள். 35,000 வேலைகளும் அங்கேயே இருக்கவேண்டும். வீடுகள் கட்டுவது இலகு. அந்த 35,000 வேலைகள் வருமா, பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும், நடந்து போகும் தூரத்தில் ஒரு கோப்பிக் கடையும் நூலகமும் இருக்குமா என்பது நகரசபைக் கூட்டங்களில் முடிவாகும் விஷயம். சனம் குறைவாகப் போகும் கூட்டங்கள் அவை.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு இப்போதைக்கு ஒரு சிறு கணக்கு போதும். விற்பனைக்கு வைத்த வீடுகளை மக்களுக்குத் திறந்துகாட்டுவது பெரும்பாலும் சனி, ஞாயிறு பிற்பகல்களில். அந்த நேரம் 401 ஓரளவு ஓடும், வெயில் நேராக வரவேற்பறைக்குள் விழும், தரகர் புதிதாகச் சுட்ட பிஸ்கற்றும் வைத்திருப்பார். விலை பேசுவதற்கு முன் நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு, அந்த வாசலிலிருந்து வேலைத்தலம் வரை ஒருமுறை ஓட்டிப்போய், மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்து பார்க்கலாம். வந்தபின் காரை விட்டிறங்கி அந்தத் தெருவில் ஒரு சுற்று நடந்து, எதிர்ப்படுகிறவர் தலையசைக்கிறாரா என்றும் பார்க்கலாம். அடுக்களைக் கல் கறுப்பா வெள்ளையா என்பதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.